வீட்டு ரௌட்டரும் அதன் காவற்காரனும்

வீட்டுக்கு வீடு வாசற்படி உண்டு என்பது பழமொழி. இந்நாளில் வீட்டுக்கு வீடு ஒரு சிறு பெட்டியும் உண்டு. சுவரில் ஓர் ஆணியிலோ, அலமாரியின் உச்சியிலோ அமர்ந்து, இரண்டு மூன்று விளக்குகளைக் காட்டியபடி அஃது இரவும் பகலும் உழைக்கிறது. நாம் அதனை ரௌட்டர் என்கிறோம். நூல்களில் திசைவி என்று எழுதுகிறார்கள். அஃது உழைக்குமளவும் அதனை நினைப்பார் யாருமில்லை. நின்றுவிட்டாலோ வீடே திகைத்து நிற்கிறது!

இப்பெட்டியைப் பேணுவதற்கென்று சிலர் சிறு சிறு நிரல்கள் எழுதி, யாவரும் எடுத்துக்கொள்ளும்படி வழங்குகின்றனர். கணிப்பொறி பயிலும் நண்பர்கள் இவற்றை ஸ்கிரிப்ட் என்பார்கள். இக்கட்டுரையில் ஆணைத்தொடர் என்று சொல்வேன். 'இதைச் செய், பின் அதைச் செய், அது நடவாவிடில் இதைச் செய்' என்று வரிசையாக எழுதிய ஆணைகளேயன்றி அது வேறொன்றுமில்லை. அத்தகைய ஆணைத்தொடர் பழுதுற்றால் பழுதை எப்படித் தேடுவது? கண்டதை அதனை எழுதியவருக்கு எப்படி எடுத்துரைப்பது? இவ்விரண்டையும் என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றை வைத்தே விளக்க விரும்புகிறேன். அந்நிகழ்ச்சியில் குற்றவாளி வேறு யாருமல்லர், நானே.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

ரௌட்டர் என்பது வெறும் கம்பி இணைப்புப் பெட்டி அன்று. அதுவும் ஒரு முழுக் கணிப்பொறியே. அதற்கு மூளை உண்டு, நினைவகம் உண்டு, பெரும்பாலானவற்றுள் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் உண்டு. இது பொதுமக்களுக்குத் தெரியவந்த கதை சுவையானது. லிங்க்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரௌட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனுள் ஓடுவது லினக்ஸ் என்பதை 2003இல் சிலர் கண்டுபிடித்தனர். லினக்ஸை எடுத்துப் பொருள் செய்து விற்போர் அதன் மூலநிரலையும் தரவேண்டும் என்பது அதன் உரிமம் விதிக்கும் கடமை. ஆகவே நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2004இல் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற திட்டம் தோன்றியது. இன்று அது பல நூறு வகை ரௌட்டர்களில் இயங்குகிறது.

இதனால் விளைந்த நன்மை யாது? விற்பவர் தந்ததோடு அமையாமல், வாங்கியவரே தம் பெட்டிக்கு ஆணையிடும் உரிமை பெற்றார். இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளின் இணைப்பை நிறுத்துவது, விளம்பரங்களைத் தடுப்பது, இணைப்பு அறுந்தால் பெட்டியை அணைத்து எழுப்புவது ஆகிய பலவற்றுக்கும் ஆணைத்தொடர்கள் பெருகின. உரிமை வந்தால் பொறுப்பும் உடன் வருமன்றோ? அதை நான் கற்றது சத்தியவேட்டில்.

சத்தியவேட்டில் ஒரு மாலை

சத்தியவேடு எங்கள் ஊர். 1960 மார்ச்சு 31 வரை அது சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாற்றச் சட்டத்தின்படி ஏப்ரல் முதல் நாள் திருத்தணி இப்பக்கம் வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. பின்னர்ச் சித்தூர் மாவட்டமாக இருந்து, 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. ஏட்டில் முகவரி மாறினாலும் எங்கள் தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்றன. அருகே ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரும், அதில் 2013இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் உள்ளன. ஆயினும் இடி இடித்தால் எங்கள் தெருவில் மின்சாரம் போகும். அது போவதும் வருவதும் எங்களுக்குப் புதிதன்று.

சென்ற ஆண்டு ஜூன் விடுமுறையில் வீட்டு ரௌட்டரில் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யை ஏற்றினேன். கூடவே இரண்டு வேலைகள் செய்தேன். ஒன்று, வலைத்தளப் பெயர்களைத் தேடும் வினாக்கள் மறைபொருளாகச் செல்லும்படி அமைத்தேன். மற்றொன்று, காவற்கார ஆணைத்தொடர் ஒன்றை நிறுவினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது வெளியுலகில் ஒரு வலைத்தளத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். மறுமொழி வந்தால் சும்மா இருக்கும். வராவிட்டால் பெட்டியை அணைத்து எழுப்பும். இனி வீட்டார் என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியதில்லை என்று பெருமையோடு கல்லூரிக்குத் திரும்பினேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு என் தங்கைக்கு இணையவழி மாதிரித் தேர்வு. மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு அவள் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு இடியோடு மழை. மின்சாரம் இருபது நிமிடம் நின்று வந்தது. ஆறே காலுக்கு அம்மா அழைத்தார்.

"ஏம்ப்பா, நீ வச்சுட்டுப் போன பெட்டி அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காச் செத்துச் செத்துப் பொழைக்குதே! பாப்பாவுக்குப் பரீட்சை பக்கம் தெறக்கவே மாட்டேங்குது."

நான் என்ன சொன்னேன்? "கம்பெனிக்காரன் லைன் போயிருக்கும்மா. பிளக்கைப் புடுங்கிப் போடுங்க" என்றேன். பிடுங்கினார்கள், போட்டார்கள், பயனில்லை. இணைப்புப் பணியாளரை வரவழைத்தார்கள். அவர் மழையில் நனைந்து வந்து, கம்பியைச் சோதித்து, லைனில் பழுதில்லை என்று சொல்லிப் போனார். அவர் சொன்னது உண்மை. தங்கை கைப்பேசியின் சிறு திரையில் எழுதத் தொடங்கினாள். அலை நிலைத்து நிற்கவில்லை. பாதிக் கேள்விகளோடு நேரம் முடிந்தது.

நான்கு கேள்விகள்

மறுநாட் காலை மாதவரத்தில் பேருந்தேறி ஊத்துக்கோட்டை வழியாக ஊர் சேர்ந்தேன். மடிக்கணினியைக் கம்பி மூலம் ரௌட்டரோடு இணைத்தேன்.

முதல் வேலையாகக் காவற்காரனை உறங்க வைத்தேன். காலத்துக்குக் காலம் ஆணைகளை இயக்கும் கிரான் என்னும் அட்டவணையில் அதன் வரியை நிறுத்திவைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நோயாளியை உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்தால் மருத்துவர் நாடி பார்ப்பது எங்ஙனம்? பழுது தேடுவோர் யாவரும் முதலில் செய்யவேண்டியது இதுவே: தானாக இயங்கும் பரிகாரங்களை நிறுத்துங்கள்.

பிறகு நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். வரிசை முக்கியம், அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்ல வேண்டும்.

முதற்கேள்வி: ரௌட்டருக்கு அடுத்த வாயில் மறுமொழி தருகிறதா? பிங் என்னும் கட்டளையால் கேட்டேன், தந்தது. எனவே கம்பி நலம்.

இரண்டாம் கேள்வி: வெளியுலகில் ஓர் எண் முகவரி மறுமொழி தருகிறதா? 8.8.8.8 என்ற எண்ணைக் கூப்பிட்டேன். உடனே குரல் கொடுத்தது. எனவே இணையம் வீடுவரை வந்திருக்கிறது! கம்பெனிக்காரர்மீது நான் சுமத்திய பழி இங்கேயே பொய்யாயிற்று.

மூன்றாம் கேள்வி: ஒரு பெயர் மறுமொழி தருகிறதா? தரவில்லை. வலைத்தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்ற பதிவேட்டை நம் பெட்டியால் எட்ட முடியவில்லை.

நான்காம் கேள்வி: இன்று என்ன நாள்? இதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. நானும் தற்செயலாகவே கேட்டேன். பெட்டி சொன்ன விடை என்னைத் திடுக்கிடச் செய்தது. வெளியே ஐப்பசி மழை. பெட்டிக்குள்ளோ ஜூன் மாதம்!

கடிகாரம் இல்லாப் பெட்டி

நம் மடிக்கணினியின் உள்ளே மின்கலம் தாங்கிய சிறு கடிகாரம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் அஃது ஓடும். வீட்டு ரௌட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் போயிற்று. மீண்டும் எழும்போது ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. ஒரு தந்திரம் செய்கிறது: தன் அமைப்புக் கோப்புகளுள் கடைசியாக எழுதப்பட்டதன் தேதியைப் பார்த்து, 'குறைந்தது இந்நாள் ஆகியிருக்க வேண்டும்' என்று கடிகாரத்தை வைத்துக்கொள்கிறது. நான் கடைசியாக அமைப்பைத் தொட்டது ஜூனில். ஆகவே பெட்டி ஜூனில் விழித்தது.

பின் சரியான நேரத்தை எங்கிருந்து பெறும்? டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்ட என்.டி.பி. என்னும் முறைப்படி, வெளியிலுள்ள நேர வழங்கிகளைக் கேட்டுப் பெறும். அவ்வழங்கிகளைப் பெட்டி பெயரால் அறியும். பெயரை எண்ணாக்கப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். நானோ அக்கேள்வி மறைபொருளாகச் செல்லுமாறு அமைத்திருந்தேன். மறைபொருளாகப் பேசுமுன், எதிரே இருப்பவர் உண்மையானவர்தாமா என்று பெட்டி அவருடைய சான்றிதழைப் பார்க்கும். சான்றிதழில் 'இந்நாள் முதல் இந்நாள் வரை செல்லும்' என்று எழுதியிருக்கும். அச்சான்றிதழ் செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்டது. பெட்டியோ ஜூனில் நிற்கிறது. 'இச்சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே' என்று அதனைத் தள்ளிவிட்டது!

நேரம் தெரிய வேண்டுமானால் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரிய வேண்டுமானால் சான்றிதழ் செல்ல வேண்டும். சான்றிதழ் செல்ல வேண்டுமானால் நேரம் தெரிய வேண்டும். நாய் தன் வாலைத் துரத்துவதுபோல் வட்டம் முடியவில்லை. இதற்கிடையே காவற்காரன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மறுமொழி காணாது பெட்டியைச் சாய்த்து எழுப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் அதே ஜூன் நாள் விடிந்தது.

'ஜூலையிலும் ஆகஸ்டிலும் மின்சாரம் போய் வந்ததே. அப்போது ஏன் பழுதில்லை?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அப்போது பழைய சான்றிதழே நடப்பில் இருந்தது. அது ஜூனிலும் செல்லும். இத்தகைய சான்றிதழ்கள் பல மூன்று மாத அளவில் புதுப்பிக்கப்படுபவை. நான் எதையும் மாற்றவில்லை, உலகம் மாறிவிட்டது. 'யாரும் எதையும் தொடவில்லை, தானாகக் கெட்டுவிட்டது' என்று நாம் சொல்லும் பழுதுகளுள் பல இவ்வினத்தைச் சேர்ந்தவை.

மருந்து எளிதாகவே இருந்தது. நேர வழங்கியின் பெயருக்கு மட்டும் விலக்கு அளித்து, அப்பெயரை வெளிப்படையான முறையில் கேட்கலாம் என்று ஒரு வரி எழுதினேன். பெட்டியின் மின்னிணைப்பைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துச் செருகினேன். சிறிது நேரத்தில் பெட்டி அக்டோபருக்கு வந்து சேர்ந்தது. மேலும் மும்முறை பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். ஒருமுறை சரியானதை வைத்துப் பழுது தீர்ந்தது என்று நம்பிவிடலாகாது.

மற்றும் சில பழுதுகள்

ஆணைத்தொடர்களில் அடிக்கடி நேரும் வேறு சில பழுதுகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கையால் இயக்கினால் நடக்கிறது, கிரான் இயக்கினால் நடப்பதில்லை என்று சிலர் வியப்பர். நாம் கையால் இயக்கும்போது கட்டளைகள் எந்தெந்த இடத்தில் கிடக்கின்றன என்ற குறிப்பு நம்மோடு வருகிறது. கிரானுக்கு அக்குறிப்பு முழுதும் இராது. ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் முழு முகவரி எழுதுவது நலம்.

விண்டோஸில் திருத்திய ஆணைத்தொடர் ரௌட்டரில் ஓடாமற் போவதுண்டு. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாக இடுகிறது. லினக்ஸ் அதனைக் கட்டளையின் பகுதி என்று கருதி மயங்குகிறது. எழுத்துகள் யாவும் சரியாகத் தோன்றும், இயங்கமட்டும் மறுக்கும்.

முன்னது முடியுமுன் பின்னது தொடங்கினால் இரண்டும் மோதும். 'நான் உள்ளே இருக்கிறேன்' என்று கதவில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குமாறு எழுதவேண்டும்.

யாவற்றினும் முக்கியமானது ஒன்று: ரௌட்டரின் நிகழ்ச்சிக் குறிப்பேடு வழக்கமாகத் தற்காலிக நினைவகத்தில் இருப்பது. அணைத்து எழுப்பினால் அத்தனையும் அழியும். எனவே 'பிளக்கைப் புடுங்கிப் போடுங்க' என்று நான் அம்மாவுக்குச் சொன்ன அறிவுரை, திருட்டு நடந்த வீட்டைப் பெருக்கி மெழுகிவிட்டுக் காவலரை அழைப்பது போன்றதாயிற்று. பெட்டியை எழுப்புமுன் குறிப்பேட்டை ஒருமுறை படித்து வைத்துக்கொள்க.

கேட்கவும் கற்க வேண்டும்

பழுது தீர்ந்ததும் காரியம் முடிந்துவிடவில்லை. அந்தக் காவற்கார ஆணைத்தொடரை வேறு பலரும் தத்தம் வீடுகளில் வைத்திருப்பார்களே! அதனை எழுதியவருக்குத் தெரிவிக்க அமர்ந்தேன். முதலில் எழுதியது ஒரே வரி: 'உங்கள் ஆணைத்தொடர் வேலை செய்யவில்லை.' எழுதிவிட்டு நானே படித்துப் பார்த்தேன், வெட்கமாயிருந்தது. ஊதியமின்றி உழைக்கும் ஒருவர் இவ்வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

நாம் சொல்லும் குறை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போதெல்லாம் வீட்டு இணையம் முழுதும் மந்தமாவதைக் கண்டார். 'லைன் மோசம்' என்று விட்டுவிடாமல் அளந்து பார்த்தார். பெட்டிகளில் தேவைக்கு மேல் பெரிதாக வைத்த காத்திருப்பு இடங்களில் செய்திகள் தேங்கி நிற்பதே காரணம் என்று 2010இல் கண்டு, அதற்குப் 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டு யாவரும் அறிய எழுதினார். கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் 2012இல் அதற்குக் கோடெல் என்ற தீர்வு கண்டனர். டேவ் டாட் முதலியோர் வீட்டு ரௌட்டர்களில் இத்தகைய தீர்வுகளைச் சோதித்துச் சோதித்துச் செப்பம் செய்தனர். 2018 அக்டோபரில் வெளிவந்த லினக்ஸ் 4.19இல் கேக் என்ற மேம்பட்ட முறையும் இடம்பெற்றது. ஒருவர் தம் வீட்டுக் குறையைக் கூர்ந்து நோக்கிச் செம்மையாகச் சொன்னார். எண்ணற்ற வீடுகள் பயன் பெற்றன.

ஆகவே மீண்டும் எழுதினேன். பெட்டியின் வகை, மென்பொருளின் பதிப்பு, நான் எதிர்பார்த்தது, நடந்தது, மீண்டும் அதனை நிகழச் செய்யும் வழி, குறிப்பேட்டின் தேவையான வரிகள் ஆகியவற்றை வரிசைப்படுத்தினேன். கடவுச்சொற்களையும் வீட்டு முகவரியெண்ணையும் நீக்கினேன், இதனை மறத்தலாகாது. பின்பு நான்கு வேண்டுகோள்களை வைத்தேன்.

ஒன்று: கடிகாரம் சரியாகும்வரை காவற்காரன் தீர்ப்பு வழங்காதிருக்க வேண்டும். இரண்டு: பெயரை மட்டும் கேளாமல், அடுத்த வாயில், எண், பெயர் என்று மூன்றையும் கேட்க வேண்டும், எண் மறுமொழி தரும்போது பெட்டியைச் சாய்க்கக் கூடாது. மூன்று: முதல் முறை ஐந்து நிமிடம், அடுத்து பத்து, அடுத்து இருபது என்று இடைவெளி நீள வேண்டும், சில முறைகளுக்குப்பின் ஓய்ந்துவிட வேண்டும். நான்கு: கடிகாரம் பிந்தியிருந்தால், ஏதேனும் ஒரு வலைத்தளம் தன் மறுமொழியில் சொல்லும் நேரத்தை எடுத்துக் கடிகாரத்தை வைத்துவிட வேண்டும்.

மறுமொழி வந்தது. முதல் மூன்றையும் ஏற்றார். நான்காவதை மறுத்தார். சான்றிதழைச் சரிபார்க்க முடியாத நிலையில் யாரோ சொல்லும் நேரத்தை நம்பினால், ஏமாற்றுவோர் பழைய சான்றிதழைச் செல்லுபடியாக்கிவிடலாம் என்றார். மறுப்பிலும் கற்பதற்கு இருந்தது. நான் கேட்க வேண்டியது தேவையை. வழியை அன்று என்று உணர்ந்தேன். அவர் வேறொன்றும் கேட்டார்: "பழுது வந்தபோது உங்கள் வீட்டாருக்கு என்ன தெரிந்திருந்தால் உதவியிருக்கும்?"

அம்மாவைக் கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல் சொன்னார்: "தப்பு வெளியவா, நம்ம பெட்டியிலயான்னு தெரிஞ்சா போதும்ப்பா. யாருக்குப் போன் போடணும்னு தெரியும்ல?"

அவ்விடையை அப்படியே எழுதியனுப்பினேன். அடுத்த பதிப்பில் ஒரு விளக்கு பேசியது. பழுது வெளியே என்றால் அது மெல்ல மின்னும். பெட்டிக்குள் என்றால் விரைந்து மின்னும். தமிழும் தெலுங்கும் தெரியாத விளக்கு எங்கள் தெரு முழுவதற்கும் விளங்கும் மொழியில் பேசுகிறது! மெல்ல மின்னினால் அம்மா இணைப்புப் பணியாளரை அழைக்கிறார். விரைந்து மின்னினால் என்னை அழைக்கிறார். அன்று நனைந்து வந்த பணியாளரிடம் பொங்கல் விடுமுறையில் மன்னிப்புக் கேட்டேன். "எல்லா ஊட்லயும் இதே கதைதான் தம்பி" என்று சிரித்தார்.

தங்கை அந்த மாதிரித் தேர்வை மீண்டும் எழுத இயலவில்லை. அதன்பின் வந்த தேர்வுகளைத் தடையின்றி எழுதினாள்.

மன்றத் தோழர்களே! இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் நீங்கள் வைத்த காவற்காரன் ஒருவன் இருப்பானாயின், ஒருமுறை மின்னிணைப்பைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துச் செருகிப் பாருங்கள். எழுந்ததும் முதலில் அதனிடம் இன்று என்ன நாள் என்று கேளுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அது தவறான விடை சொல்லட்டும். நீங்கள் இல்லாத மாலையில் சொல்ல வேண்டாம்.